நாலரை இஞ்சுச் சுவரில் ஒரு கைப்பிடி

என் வீட்டுக்காரர் கைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கழிப்பறைச் சுவரில் பதித்திருந்த முழ நீளத்து ஸ்டீல் கம்பி அது. அதைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்திருக்கிறார். அவர் எழவில்லை, கம்பி எழுந்து வந்துவிட்டது. ஸ்குரு, ஸ்குருவைச் சுற்றிப் பிளாஸ்டிக் கட்டை, கட்டையைச் சுற்றி ஒரு பிடி செங்கல் தூள் என்று ஒன்று விடாமல் கூடவே வந்திருந்தன. நல்லவேளை, பாதிதான் எழுந்திருந்தார். பொத்தென்று அதே இருக்கையில் உட்கார்ந்ததோடு போயிற்று.

கதவுக்கு வெளியே நின்றிருந்த நான் ஓடிப்போய்ப் பார்த்தால், மடியில் கம்பி, வேட்டியெல்லாம் சிமெண்டுப் பொடி. நிமிர்ந்து பார்த்தார்.

"ஆர்டுவேர் கடக்காரி வூட்டுச் செவுரப் பாத்தியா?" என்றார்.

பக்கவாதம் வந்த பிறகு அவருக்குப் பேச்சு கொஞ்சம் குழறும். குத்தலாகப் பேச வேண்டுமென்றால் மட்டும் குழறவே குழறாது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தோளைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன்.

அவர் பெயர் ஏழுமலை. கல்வராயன் மலைக்கு ஜீப் ஓட்டியவர். வெள்ளிமலைப் பாதையின் வளைவுகளில் ஆட்களும் மூட்டைகளுமாக ஏற்றிக்கொண்டு போய்ப் பத்திரமாக இறக்கியவர். அப்படிப்பட்ட மனிதருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. தடியை ஊன்றிக் காலை இழுத்து இழுத்து நடப்பார். உட்கார்ந்தால் எழுந்திருக்க மட்டும் முடியாது. கழிப்பறைக்குப் போனால் நான் வெளியே நிற்பேன். உள்ளேயிருந்து "ம்" என்று ஒரு குரல் வரும். போய்த் தூக்கிவிடுவேன். அந்த "ம்" சொல்ல அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

பெண்டாட்டிதானே, இதில் என்ன கூச்சம் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பவர்கள் ஒரு நாள் அங்கே உட்கார்ந்து பார்க்கட்டும்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். உள்ளே போனால்தானே வெளியே வரும்! சிறுநீர் எரிச்சல் வந்து கள்ளக்குறிச்சியில் டாக்டரிடம் கூட்டிப் போனேன். "தண்ணி குடிக்காம இப்படியே இருந்தீங்கன்னா கிட்னி போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல" என்று டாக்டர் கத்தினார். இவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் சொம்பைத் தள்ளி வைத்தார்.

ஆகவே, கம்பி சுவரில் நின்றால் மனிதர் தண்ணீர் குடிப்பார். நிற்காவிட்டால் மாட்டார். விஷயம் அவ்வளவுதான்.

என்ன சுவர்?

என் அப்பாவின் ஆர்டுவேர் கடை அவருக்குப் பிறகு என் கைக்கு வந்தது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த கடை. பாதி வாழ்க்கை அந்த மேசைக்குப் பின்னால் போயிற்று. போனதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.

அங்கே என்னிடம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்.

"கண்ணாடி மாட்டணுங்க. நல்ல ஸ்ட்ராங்கா ஒரு ஸ்குரு குடுங்க."

"என்ன சுவரு?" என்று நான் கேட்பேன்.

ஏதோ சாதியைக் கேட்டுவிட்டது போல் முறைப்பார்கள். "செவுருதாங்க. வூட்டுச் செவுரு."

சுவரில் எத்தனை வகை என்று அவர்களுக்குப் பாடம் எடுக்க எனக்குப் பொறுமை இருந்ததில்லை. இருந்தாலும் கேட்காமல் கொடுத்ததில்லை. திருக்கோவிலூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சுவர், அகலமோ அகலம். அதில் மரக்கட்டை அடித்து அதன் மேல் ஸ்குரு ஏற்றினால் தலைமுறைக்கும் நிற்கும். சிமெண்டு வைத்துக் கட்டிய ஒன்பது இஞ்சுச் செங்கல் சுவரென்றால் பிளாஸ்டிக் கட்டை போதும். ராவல் பிளக் என்று கேட்பார்களே, அதுதான். கல்லுக்கு நடுவில் துளை போட வேண்டும். கல்லும் கல்லும் சேருகிற பூச்சில் போட்டால் வேலைக்கு ஆகாது. இரும்பு ஆங்கர் போல்ட் இருக்கிறதே, அது கான்கிரீட் தூணில் ராஜா, செங்கல்லில் ரௌடி. முடுக்க முடுக்க உள்ளே விரிந்து செங்கல்லையே பிளந்துவிடும். அது தெரியாமல், விலை ஜாஸ்தியாக இருப்பதுதான் நல்லது என்று அதையே கேட்டு அடம்பிடிப்பார்கள்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் என்று பெரியவர்கள் உடம்பைப் பற்றிச் சொன்னார்கள். எங்கள் தொழிலில் அதற்கு நேர் அர்த்தமே போதும்.

வெள்ளிமலையிலிருந்து வந்த சுவர்

ஒரு தடவை வெள்ளிமலையிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். சாமை, தினை போடுகிறவர். டிவி வைக்க ஒரு ஷெல்ஃப் மாட்ட வேண்டும் என்றார். என்ன சுவர் என்று கேட்டேன். செங்கல் என்றார். கட்டையும் ஸ்குருவும் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த வாரமே காலை பஸ்ஸில் இறங்கி நேராகக் கடைக்கு வந்தார். துணிப்பையிலிருந்து எதையோ எடுத்து மேசை மேல் வைத்தார். தேங்காய் அளவுக்கு ஒரு மண்கட்டி. அதற்குள் என் பிளாஸ்டிக் கட்டை, அதற்குள் என் ஸ்குரு, ஆடாமல் அசையாமல் இருந்தன.

"இன்னாம்மா இது?"

"ஒங்க ஸ்குரு ரொம்ப நல்ல ஸ்குருங்க. செவுர உடவே மாட்டேன்னுது. செவுருதான் வூட்ட உட்டுட்டு வந்துடுச்சி."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தோம். அந்த அம்மாளும் சிரித்தார். விசாரித்தால், வீட்டு முகப்பு மட்டும்தான் செங்கல். டிவி வைத்தது உள்ளறையில். அது மண் சுவர். டிவி தப்பித்தது, மருமகள் மடியில் விழுந்ததால்.

மண் சுவரைப் பிடிக்க என் கடையில் எதுவும் இல்லை. மலைக்கு ஜீப் எடுத்துக்கொண்டு போன இவர்தான் அந்த வீட்டைப் போய்ப் பார்த்தார். கூரையைத் தாங்க உள்ளே இரண்டு மரக்கம்பங்கள் நின்றிருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு பலகையைக் குறுக்கே கொடுத்து, ஷெல்ஃபை அந்தப் பலகையில் மாட்டிவிட்டு வந்தார்.

"செவுரு தாங்கலன்னா அத்தோட மல்லு கட்டக் கூடாது. பின்னால இன்னா கீதுன்னு பாக்கணும்" என்று அன்றைக்கு ராத்திரிச் சோறு சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னார். இது அவர் பங்குக்கு எனக்குச் சொன்ன தொழில் ரகசியம். நான் கண்டுகொள்ளாமல் ரசம் ஊற்றினேன்.

ஆணி போய் வந்த கதை

இனி எங்கள் வீட்டுச் சுவருக்கு வருகிறேன். எங்கள் வீடு வடக்கனந்தலில். மாமனார் போன பிறகு அண்ணன் தம்பி இரண்டு பேரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். இவர் மூத்தவர். இளையவர் பாலு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஊரோடு இருந்தார். நிலத்தில் தகராறு வரவில்லை. வீட்டில் வந்தது.

வீட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து நடுவில் பொதுச்சுவர் எழுப்புவது என்று பேச்சு. ஒன்பது இஞ்சுச் சுவர் வையுங்கள் என்று மேஸ்திரி தலையால் அடித்துக்கொண்டார். ஒன்பது இஞ்சு வைத்தால் ஆளுக்கு நாலரை இஞ்சு இடம் போகுமே! என் எடத்துல நான் எதுக்கு உடணும் என்றார் தம்பி. அதையேதான் அண்ணனும் சொன்னார். பாகப்பிரிவினையில் அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். செங்கல்லை ஒற்றை வரிசையாக அடுக்கி நாலரை இஞ்சில் சுவர் எழும்பியது. சிமெண்டு இரண்டு பேரும் பாதிப் பாதி போட வேண்டும். தம்பி போடுவான் என்று இவரும், அண்ணன் போடுவார் என்று பாலுவும் இருந்ததில் கலவையில் மணல்தான் ஜாஸ்தி.

அந்தத் தைப் பொங்கலுக்குப் பாலு தன் பக்கத்தில் காலண்டர் மாட்ட ஆறு இஞ்சு ஆணி அடித்தார். எங்கள் கூடத்தில் சுவரிலிருந்து ஆணி மூக்கை நீட்டியது. இவர் சுத்தியலை எடுத்து அதன் மூக்கில் ஒரு போடு போட்டார். ஆணி திரும்பிப் போயிற்று. அந்தப் பக்கம் காலண்டர் விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஆணி மறுபடியும் வந்தது. இவர் மறுபடியும் அனுப்பி வைத்தார். பொங்கல் பானை பொங்குகிற நேரத்தில் ஒரே ஆணி, விருந்தாளி மாதிரி இங்கேயும் அங்கேயும் போய் வந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கை ஓய்ந்தபோது வாய் ஆரம்பித்தது. வாய் ஓய்ந்தபோது பேச்சு அடியோடு நின்றுவிட்டது.

ஊர்ப் பெரியவர்கள் வந்து ஒரு முடிவு சொன்னார்கள். பொதுச்சுவரில் இனிமேல் எந்தப் பக்கமும் ஆணி அடிக்கக் கூடாது. அடிக்கவும் இல்லை. வருஷக்கணக்காக அந்தச் சுவரில் ஒரு படம் கிடையாது, ஒரு காலண்டர் கிடையாது. பாலுவின் பெண்டாட்டி தனமும் நானும் குழாயடியில் எதிர்ப்பட்டால், அவள் அவள் குடத்தைப் பார்ப்பாள், நான் என் குடத்தைப் பார்ப்பேன். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். எங்கள் வீட்டில் தம்பிதான் படையே.

இவருக்கு முடியாமல் போனபோது தோட்டத்துக் கழிப்பறை சரிப்படவில்லை. அங்கே போகப் படி இறங்க வேண்டும். தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த உள்ளறையைக் காலி செய்து அதில் சேர் மாதிரி உட்காருகிற கக்கூஸ் வைத்தோம். அந்த அறைக்குப் பொதுச்சுவரின் மறுபக்கம் தனத்தின் சமையல்கட்டு. "நான் சோறாக்கற செவுத்தாண்ட கக்கூஸ் வெச்சிக்கினாங்க" என்று அவள் தெருவில் சொன்னது என் காதுக்கு வந்தது. அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்கும் வேறு இடம் இல்லை.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கம்பி மாட்டச் சொன்னது இவர்தான். அப்போது நான் கடையில் இருந்தேன். பொதுச்சுவராயிற்றே என்று அந்த ஆள் தயங்கியிருக்கிறார்.

"பஞ்சாயத்துல ஆணிதான் அடிக்கக் கூடாதுன்னாங்க. ஸ்குருவப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்று இவர் சட்டம் பேசியிருக்கிறார்.

சட்டம் நின்றது. ஸ்குரு நிற்கவில்லை.

கடையையே கொட்டிப் பார்த்தேன்

பிடுங்கிக்கொண்டு வந்த கம்பியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மேசை மேல் பேப்பரை விரித்து, கடையில் இருந்த அத்தனை வகைக் கட்டையையும் போல்ட்டையும் கொட்டி வைத்துப் பார்த்தேன். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்ன எனக்கு என் வீட்டுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பெரிய சைஸ் பிளாஸ்டிக் கட்டை போடலாம். துளை பெரிதாகும், அந்த மணல் கலவை இன்னும் உதிரும். ஆங்கர் போல்ட் போட்டால் ஒற்றைக் கல் இரண்டாகப் பிளக்கும். மெட்ராஸிலிருந்து வந்த சேல்ஸ்மேன் ஒருவர் துளைக்குள் பசையைச் செலுத்தி அதில் கம்பியை நடுகிற முறை ஒன்றைச் சொன்னார். பசை செங்கல்லைப் பிடிக்கும், செங்கல்லை எது பிடிக்கும் என்று கேட்டேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

வேறு சுவரில் மாட்டினால் என்ன என்பீர்கள். அவருக்கு இடது கை மட்டும்தான் வேலை செய்தது. உட்கார்ந்தால் இடது பக்கம் வருவது பொதுச்சுவர். தரையில் கம்பம் நட இடம் பார்த்தால், நட வேண்டிய இடத்துக்கு நேர் கீழே கழிவுக்குழாய் ஓடியது. இருக்கையைத் திருப்பி வைக்கவும் அந்தக் குழாய் விடவில்லை.

அந்தக் கம்பியில் தொங்கப் போவது ஒரு காலண்டர் இல்லை, ஆறடி மனிதர். தினமும் பிடித்து இழுக்கப் போகிறார். இழுப்பு ஒரு கல்லில் விழாமல் பத்துக் கல்லில் பரவ வேண்டும். அதற்கு ஒரே வழிதான் இருந்தது. சுவரை முழுக்கத் துளைத்து, நீள போல்ட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் விட்டு, இரண்டு பக்கமும் பட்டை இரும்பு கொடுத்து நட்டுப் போட்டு முடுக்க வேண்டும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் அப்பளத்தைப் பிடிப்பது மாதிரி சுவரைப் பிடிக்க வேண்டும். அப்போது எவ்வளவு மட்டமான சுவரும் தாங்கும்.

ஆனால் ஒரு பட்டையும் நட்டும் தனத்தின் சமையல்கட்டில் இருக்கும். அதுவும் கக்கூஸ் கைப்பிடியின் நட்டு.

அவரிடம் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது.

"அவன் வாசல்ல போயி நிக்கக் கூடாது நீ. சொல்லிட்டேன்."

"அப்ப தண்ணி குடிங்க."

சொம்பை இன்னும் எட்டத் தள்ளினார்.

"தண்ணி குடிங்க, நான் போவல. குடிக்க மாட்டீங்கன்னா போவேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வீம்புக்கு மருந்து என் கடையிலும் இல்லை, டாக்டரிடமும் இல்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பக்கம்

கதவைத் திறந்தது தனம். வாங்க என்று சொல்லாமல் கதவை அகலமாகத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

பாலு அப்போதுதான் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

சுற்றி வளைக்க எனக்கு வராது. விஷயத்தைச் சொன்னேன். சுவர் தாங்கவில்லை, போல்ட் முழுக்க வர வேண்டும், பட்டை உங்கள் சமையல்கட்டில் வரும், இஷ்டம் இல்லையென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றேன்.

பாலு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னிக்கி அது புடுங்கிக்கினு வந்துச்சே அண்ணி, சத்தம் கேட்டுது. வாசல் வரிக்கும் ஓடியாந்தேன். வந்துட்டு, உள்ள வர்ரதா வேணாமான்னு தெரியாம நின்னுட்டேன்."

"தெனமும் கேக்குதுக்கா" என்றாள் தனம். "'புடிச்சிக்கோங்க, எழுந்திரிங்க, பாத்து பாத்து'ன்னு நீங்க சொல்றது எல்லாம் எனக்கு அடுப்பாண்ட கேக்குது. நாலரை இஞ்சு செவுருதானே."

எனக்கு அவமானமாக இருந்தது. கூடவே, இத்தனை நாளும் நான் தனியாக இல்லையோ என்று ஒரு நினைப்பும் வந்தது.

"எந்த எடத்துல வரும்?" என்று கேட்டாள் தனம்.

சமையல்கட்டுக்குப் போய்க் கையால் அளந்து காட்டினேன். அடுப்பு மேடைக்கு மேலே, அவள் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. அவள் முகம் மாறிவிட்டது.

"அடுப்புக்கு நேராவா? வேணாங்க்கா. கக்கூஸ் கம்பி அது. கொஞ்சம் தள்ளி வெச்சிக்கக் கூடாதா?"

"தள்ளி வெச்சா அவரு கைக்கு எட்டாது தனம்."

பாலு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டி அவரை அடக்கினாள். அந்த வெற்றுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாம்பார்ப் பொடி, பருப்பு, மிளகாய் எல்லாம் டப்பா டப்பாவாகத் தரையில் அவள் காலடியில் அடுக்கியிருந்தன. முடியாது என்று சொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் போய் அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

"ஏங்க்கா," என்றாள், "அந்த போல்ட்டு கொஞ்சம் நீட்டமா வருமா?"

"எவ்ளோ நீட்டம் வேணும்?"

"அதுலயே எனக்கு ஒரு ஷெல்ப் மாட்டிக் குடுங்களேன். இந்தச் செவுத்துல ஒரு ஆணி அடிக்க முடியாம குனிஞ்சி குனிஞ்சி எடுத்துக்கினு இருக்கறேன், இடுப்பு போவுது."

பாலுவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வருஷம் கடையில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு அது தோன்றவே இல்லை.

"வரும்" என்றேன். "நல்ல நீளமாவே வரும்."

நூறு

இரண்டு நாளில் வேலை ஆரம்பித்தது. போல்ட்டும் பட்டை இரும்பும் நானே பார்த்துப் பார்த்து எடுத்தேன். எலக்ட்ரீஷியன் வந்து துளை போட்டார். தனத்துக்கு உலை வைக்கிற நேரம். வேலை நடக்கிறதே என்று அவள் சமையலை நிறுத்தவில்லை. மிளகாய் வறுத்தாள். அந்த நெடி துளை வழியாக நேரே எங்கள் பக்கம் வந்தது.

போல்ட்டின் தலையை இந்தப் பக்கம் ஒருவர் ஸ்பேனரால் அழுத்திப் பிடிக்க வேண்டும், அந்தப் பக்கம் ஒருவர் நட்டை முடுக்க வேண்டும். பிடிக்காவிட்டால் போல்ட்டும் சேர்ந்து சுற்றும். எலக்ட்ரீஷியன் பிடிக்கப் போனார். இவர் இருக்கையில் உட்கார்ந்தபடி இடது கையை நீட்டினார்.

"குடு. நான் புடிக்கறேன்."

அந்தப் பக்கம் ஸ்பேனரோடு நிற்பது பாலு என்று அவருக்குத் தெரியும். எலக்ட்ரீஷியன் என்னைப் பார்க்கிறார், நான் எலக்ட்ரீஷியனைப் பார்க்கிறேன்.

அந்த நேரம் பார்த்து மிளகாய் நெடி ஏறி இவர் தும்மினார். வீடே அதிர்கிற தும்மல்.

"நூறு!" என்றது சுவர்.

யாராவது தும்மினால் "நூறு" என்று சொல்வது எங்களுக்குப் பழக்கம். நூறு வயது இரு என்று அர்த்தம். யோசித்துச் சொல்வதில்லை, வாய் தானாகச் சொல்லிவிடும். பாலுவின் வாயும் அப்படிச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் யாருக்குச் சொன்னோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

இவர் மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் போல்ட்டின் தலையையே பார்த்தார்.

"டேய், நூறெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். முடுக்குடா."

"புடிச்சிக்கினியாண்ணா?"

"புடிச்சிக்கினுதான்டா கீறேன்."

பாலு முடுக்கினார். கோபம், பாசம் எதுவோ, முழு பலத்தையும் அதில் காட்டினார். பூச்சு நொறுங்குகிற சத்தம் கேட்டது.

"போதுன்டா, போதும்! செவுரு நசுங்குது!" என்று இவர் கத்தினார். "பாகம் பிரிக்கும்போதே ஒம்போது இஞ்சு வெச்சிருக்கணும். எல்லாம் ஒன்னாலதான்."

"என்னாலயா? நீதான வேணான்ன?"

"நானா? நீயா?"

துளை வழியாகவே சண்டை நடந்தது. ஒரு போல்ட்டுக்கும் அடுத்த போல்ட்டுக்கும் நடுவில் விட்ட இடத்திலிருந்து பழைய கதை எல்லாவற்றையும் பேசினார்கள். காலண்டர்கூட வந்தது. நான் ஒரு பக்கமும் தனம் ஒரு பக்கமும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். இவ்வளவு நல்ல சண்டையை அந்த வீட்டில் நான் பார்த்ததே இல்லை.

முடிந்ததும் நான் கம்பியைப் பிடித்து என் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். பட்டையில் மயிரிழை அசைவில்லை. சுவர்தான் மொத்தமாக மெல்ல அதிர்ந்தது. நாலரை இஞ்சுச் சுவர் அந்த அளவுக்கு அதிரத்தான் செய்யும். பயமில்லை என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் போல்ட்டுகளின் மிச்ச நீளத்தில் தனத்துக்கு ஷெல்ஃபை மாட்டிக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே டப்பாக்கள் எல்லாம் மேலே ஏறிவிட்டன.

மறுநாள் காலை

மறுநாள் காலையில் அவர் தடியை ஊன்றிக் கழிப்பறைக்குப் போனார். வழக்கம்போல் நான் பின்னாலேயே போனேன். வாசலில் நின்று திரும்பினார்.

"நீ இங்கயே நில்லு" என்றார்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நான் சும்மா சாத்துகிறார் என்றுதான் நினைத்தேன். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

"ஐயோ, தாப்பா போடாதீங்க! விழுந்துட்டா எப்பிடித் தெறக்கறது?"

கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. "ம்" வரவில்லை. கூப்பிட்டேன், அதற்கும் பதில் வரவில்லை. கீல் ஸ்குரு கதவுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, எந்த ஸ்குரு டிரைவர் எடுக்க வேண்டும் என்று என் புத்தி போயிற்று. போல்ட்டைத் தேர்ந்தெடுத்தது நான். அது விட்டுவிட்டால் அந்த மனிதர் இனி எதையும் நம்பிக் கையை நீட்ட மாட்டார்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் டப்பாக்கள் கடகடவென்று ஆடுகிற சத்தம் கேட்டது. அடுத்த நொடி தனத்தின் குரல், தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி வந்தது.

"அக்கோவ்! டப்பாவெல்லாம் ஆடுது! மாமா எழுந்துட்டாரு!"

உள்ளேயிருந்து இவர் கத்தினார். "ஊருக்கெல்லாம் தண்டோரா போட வேணான்னு அவகிட்ட சொல்லு!"

நான் சொல்லவில்லை. கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.